வெப்பேக் 4-இலேயே நின்றுவிட்ட திட்டம்: ஆடிட் காட்டும் 97 குறைகளில் உண்மையான ஆபத்து எது?

கேள்வி

வணக்கம். நீண்ட காலமாக யாரும் பெரிதாகக் கைவைக்காத ஒரு ரியாக்ட் திட்டம் அண்மையில் என் பொறுப்புக்கு வந்தது. கிரியேட் ரியாக்ட் ஆப் என்ற தொடக்கக் கருவி கொண்டு தொடங்கப்பட்ட திட்டம் அது; அதன் பில்ட் கருவியான ரியாக்ட்-ஸ்கிரிப்ட்ஸ் 4, அதற்கு அடியில் நிரல் கோப்புகளைப் பிரவுசருக்காகத் தொகுத்துத் தரும் வெப்பேக் 4. நோட் 18-இல் பில்ட் செய்தால் ஓப்பன்எஸ்எஸ்எல் பிழை காட்டி நின்றுவிடும் என்பதால், எனக்கு முன் இருந்தவர் பழைய குறியாக்க முறைகளை மீண்டும் அனுமதிக்கும் 'லெகசி புரொவைடர்' விருப்பத்தை பில்ட் கட்டளையோடு சேர்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

திட்டம் பயன்படுத்தும் பேக்கேஜ்களில் (பிறர் எழுதிய நிரல் தொகுப்புகளில்) தெரிந்த பாதுகாப்புக் குறைகளைப் பட்டியலிடும் என்பிஎம் ஆடிட் கட்டளையை ஓட்டினேன். 97 குறைகள் என்றது. அவற்றில் ஆறு 'கிரிட்டிக்கல்'. பதற்றத்தில் 'ஆடிட் ஃபிக்ஸ்' கட்டளையை 'ஃபோர்ஸ்' விருப்பத்தோடு ஓட்டிவிட்டேன். முடிந்ததும் பேக்கேஜ்.ஜேசன் கோப்பைத் திறந்தால் ரியாக்ட்-ஸ்கிரிப்ட்ஸின் பதிப்பு 0.0.0 என்று இருந்தது, எதுவும் ஓடவில்லை. நல்ல வேளையாக, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் இருந்ததால் பழைய நிலைக்குத் திரும்பினேன்.

உடன் பணிபுரிபவர் ஒருவர், "இவையெல்லாம் பில்ட் கருவிகளுக்குள் இருப்பவை, பயனரின் பிரவுசருக்குப் போவதே இல்லை, விட்டுவிடுங்கள்" என்கிறார். வாடிக்கையாளரின் பாதுகாப்புக் குழுவோ ஒவ்வொரு குறைக்கும் எழுத்து மூலம் விளக்கம் கேட்கிறது. அவர் சொல்வது சரிதானா? சரியில்லை என்றால், இந்த 97-இல் எதை முதலில் பார்ப்பது?

மறுமொழி 1

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிதான் ஆபத்தானது. ஆடிட் காட்டும் எண்ணிக்கையையும், அருகில் இருக்கும் 'ஹை', 'கிரிட்டிக்கல்' என்ற முத்திரைகளையும் சற்று நேரம் மறந்துவிட்டு, ஒவ்வொரு பேக்கேஜையும் பார்த்து இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள்: இந்த நிரல் யாருடைய கணினியில் ஓடுகிறது, அதற்குள் போகும் உள்ளீட்டை எழுதுபவர் யார்?

உங்கள் பட்டியலில் என்டிஎச்-செக் என்ற பேக்கேஜ் கட்டாயம் இருக்கும். ரியாக்ட்-ஸ்கிரிப்ட்ஸ், எஸ்விஜிஆர், எஸ்விஜிஓ, சிஎஸ்எஸ்-செலக்ட் என்று நான்கு படி இறங்கினால் அது வரும். அதிலுள்ள சிவிஇ-2021-3803 (சிவிஇ என்பது அறியப்பட்ட பாதுகாப்புக் குறைகளுக்குத் தரப்படும் பொது எண்) என்ற குறை 'ஹை' என்று மதிப்பிடப்பட்டது. தந்திரமாக எழுதப்பட்ட ஒரு சிஎஸ்எஸ் தேர்வியைக் கொடுத்தால், ரெகுலர் எக்ஸ்பிரஷன் முடிவில்லாமல் சுழன்று நிரல் திணறிவிடும் என்பதுதான் அந்தக் குறை. ஒரு சர்வரில் வெளியார் தரும் உள்ளீட்டோடு அது நடந்தால் பெரிய விஷயம். ஆனால் உங்கள் திட்டத்தில் அதற்குள் போவது நீங்களே வரைந்து வைத்திருக்கும் எஸ்விஜி படங்கள். உங்கள் நிரல் களஞ்சியத்தில் எழுதும் உரிமை பெற்ற ஒருவர் அந்த உரிமையை உங்கள் பில்டை மெதுவாக்குவதற்காகவா செலவழிப்பார்?

லோடர்-யூடில்ஸ் பேக்கேஜின் சிவிஇ-2022-37601 'கிரிட்டிக்கல்' முத்திரை பெற்றது. ஆபத்தான உள்ளீடு அங்கே லோடருக்கு (கோப்புகளை வெப்பேக்குக்கு ஏற்றபடி மாற்றித் தரும் துணைநிரலுக்கு) தரும் கேள்விச்சரம் வழியாக வர வேண்டும்; அதை எழுதுவதும் உங்கள் வெப்பேக் அமைப்புக் கோப்புதான். 1.4.1, 2.0.3 ஆகிய பதிப்புகளில் திருத்தம் இருப்பதால் ஐந்து நிமிட வேலை, செய்துவிடுங்கள். ஆனால் அதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

இப்போது எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். உருவாக்கும்போது உங்கள் கணினியிலேயே தளத்தை ஓட்டிக் காட்டும் வெப்பேக்-டெவ்-சர்வரின் சிவிஇ-2025-30359 வெறும் 'மாடரேட்' என்றே குறிக்கப்பட்டது. பட்டியலின் அடியில் கிடக்கும். டெவ் சர்வரை ஓடவிட்டபடியே நீங்கள் வேறொரு தாவலில் தீய நோக்கமுள்ள இணையதளம் ஒன்றைத் திறந்தால், அந்தத் தளம் உங்கள் லோக்கல்ஹோஸ்டின் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை ஒரு ஸ்கிரிப்ட் குறிச்சொல் மூலம் தன் பக்கத்துக்குள் இழுத்துக்கொள்ள முடியும். வேறு தளத்தின் ஸ்கிரிப்டை ஏற்றுவதைப் பிரவுசரின் ஒரே-மூல விதி தடுப்பதில்லை. போர்ட் எண்ணும் கோப்புப் பெயரும் எளிதில் ஊகிக்கக்கூடியவை. அப்படி இழுத்த தொகுப்பிலிருந்து உங்கள் மூலநிரலை எழுத்தாகப் படித்து அனுப்பிவிடலாம். 5.2.1-இல் திருத்தப்பட்டது; உங்களிடம் இருக்கும் 3-ஆம் வரிசைக்குத் திருத்தம் கிடையாது. பயனரின் பிரவுசருக்குப் போகவில்லை என்பது உண்மைதான், ஆனால் இங்கே குறிவைக்கப்படுவது உங்கள் பிரவுசர்.

இஎஸ்பில்ட் என்ற மற்றொரு பில்ட் கருவியிலும் இதே வகையான குறை இருந்தது: அதன் டெவ் சர்வர் எந்தத் தளத்திலிருந்து கோரிக்கை வந்தாலும் பதிலைப் படிக்க அனுமதித்தது, 0.25.0-இல் சரிசெய்தார்கள். வெப்பேக்குக்கு மாற்றான வீட் கருவியின் சிவிஇ-2025-30208 இன்னும் கூர்மையானது. முகவரியின் முடிவில் ஒரு சிறு கேள்விச்சரத்தைச் சேர்த்தால், திட்டக் கோப்புறைக்கு வெளியே இருக்கும் கோப்புகளையும் டெவ் சர்வர் எடுத்துக் கொடுத்துவிடும். டெவ் சர்வரை 'ஹோஸ்ட்' விருப்பத்தோடு வலையமைப்புக்குத் திறந்துவிட்டவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும் என்றாலும், கைப்பேசியில் சோதித்துப் பார்ப்பதற்காக அந்த விருப்பத்தைப் போட்டுவிட்டு எடுக்க மறந்தவர்கள் ஏராளம். நானும் அவர்களில் ஒருவன்.

பில்ட் சர்வர் பக்கம் வந்தால், ஜாவாஸ்கிரிப்டை மொழிமாற்றும் பேபல் கருவியின் ஒரு பகுதியான பேபல் ட்ராவர்ஸின் சிவிஇ-2023-45133. குறிப்பிட்ட சில செருகுநிரல்களோடு பயன்படுத்தும்போது, தந்திரமாக எழுதப்பட்ட நிரலை மொழிமாற்றும் அந்தக் கணத்திலேயே தாக்குபவரின் கட்டளை ஓடிவிடும். நீங்கள் எழுதிய நிரலை மட்டும் பில்ட் செய்பவராக இருந்தால் கவலை குறைவு. வெளியார் அனுப்பும் புல் ரிக்வெஸ்ட்டுகளை (நிரல் மாற்றக் கோரிக்கைகளை) தானாகவே பில்ட் செய்யும் அமைப்பு உங்களிடம் இருந்தால் இதுதான் முதலில் பார்க்க வேண்டியது. 7.23.2-இல் திருத்தம் வந்தது. பேபல் 6-க்கு வரவில்லை.

கடைசியாக, "பிரவுசருக்குப் போவதே இல்லை" என்ற வாதம் முற்றிலும் உடையும் இடம். வெப்பேக், ரோல்அப் போன்ற கருவிகள் உங்கள் நிரலை மட்டும் கட்டித் தருவதில்லை. தங்கள் சொந்த இயக்க நிரலையும் அந்தத் தொகுப்புக்குள் எழுதி வைக்கின்றன. வெப்பேக் 5 எழுதிவைத்த அந்த வரிகளில் ஒன்று, மற்றத் துண்டுகளை எங்கிருந்து ஏற்றுவது என்பதைக் கண்டுபிடிக்க 'டாக்குமென்ட்.கரண்ட்ஸ்கிரிப்ட்' என்பதன் முகவரியைப் பார்த்தது. பக்கத்தில் யாராவது கருத்து எழுதும் இடத்தில், 'நேம்' பண்பு 'கரண்ட்ஸ்கிரிப்ட்' என்று அமைந்த ஒரு படக் குறிச்சொல்லை நுழைத்துவிட்டால் போதும், பிரவுசர் அந்தப் படத்தையே ஸ்கிரிப்ட் என்று நீட்டும்; படத்தின் முகவரியிலிருந்து நிரல் துண்டுகள் ஏற்றப்படும். ஸ்கிரிப்ட் குறிச்சொல்லை வடிகட்டிவிட்டுப் படத்தை அனுமதிக்கும் தளங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இது சிவிஇ-2024-43788, 5.94.0-இல், அந்தப் பொருள் உண்மையிலேயே ஸ்கிரிப்ட் குறிச்சொல்தானா என்று சரிபார்க்கும் நிபந்தனையைச் சேர்த்தார்கள். ரோல்அப்பிலும் இதே போன்ற ஒன்று, சிவிஇ-2024-47068 என்ற எண்ணில் வந்தது. வேடிக்கை என்னவென்றால், உங்கள் வெப்பேக் 4-இல் முகவரியைத் தானாகக் கண்டறியும் அந்த வசதியே இல்லாததால் உங்களுக்கு இந்தக் குறை பொருந்தாது. ஆனால் வெப்பேக் 5-இன் ஏதோ ஒரு பழைய பதிப்புக்குத் தாவினீர்கள் என்றால் புதிதாக வந்து சேரும்.

மறுமொழி 2

மேலே எழுதிய நண்பர் சொன்னவை சரி, ஆனால் உரையாடல் முழுவதும் ஆடிட்டுக்குத் தெரிந்த குறைகளைச் சுற்றியே போகிறது. பில்ட் கருவிகளின் வழியே நடந்த பெரிய தாக்குதல்களில் பல, பழைய பதிப்பால் வந்தவை அல்ல; அன்று காலை வெளியான புதிய பதிப்பால் வந்தவை.

2018 ஜூலையில் இஎஸ்லின்ட்-ஸ்கோப் என்ற பேக்கேஜின் 3.7.2 பதிப்பு வெளியானது. நிறுவும்போதே ஓடும் ஸ்கிரிப்ட் மூலம், அது உருவாக்குநரின் என்பிஎம் டோக்கனை (கடவுச்சொல் போன்ற நுழைவுச் சாவியை) திருடி அனுப்பியது. அதே ஆண்டு நவம்பரில் ஈவன்ட்-ஸ்ட்ரீம் பேக்கேஜில் தீநிரல் நுழைந்த விவகாரம். 2021 அக்டோபரில் யுஏ-பார்சர்-ஜேஎஸ். 2025 செப்டம்பர் 8 அன்று சாக், டீபக் உள்ளிட்ட 18 பேக்கேஜ்கள். என்பிஎம்மிலிருந்து வந்தது போல ஒரு போலி மின்னஞ்சல், இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் புதுப்பிக்கச் சொல்லி, ஒரு பராமரிப்பாளரை ஏமாற்றியது. வாரத்துக்கு 200 கோடி முறைக்கு மேல் பதிவிறக்கப்படும் பேக்கேஜ்கள் அவை. இரண்டு மணி நேரம்போல அவை அப்படியே இருந்தன. உள்ளே இருந்த தீநிரல் பிரவுசரில் ஓடி, கிரிப்டோ பணப்பைகளின் முகவரியை மாற்றக்கூடியது. அந்த இரண்டு மணி நேரத்தில் லாக் கோப்பு (ஒவ்வொரு பேக்கேஜின் துல்லியமான பதிப்பையும் பதிந்து வைக்கும் கோப்பு) இல்லாமல் பில்ட் செய்து வெளியிட்டவர், தன் கையாலேயே அதைத் தன் பயனர்களுக்குப் பரிமாறியிருப்பார்.

பழைய பதிப்பில் இருந்தவர்களுக்கு அந்த நாட்களில் எதுவும் ஆகவில்லை. ஆகவே "எல்லாவற்றையும் உடனே புதுப்பியுங்கள்" என்ற அறிவுரையை நான் ஏற்பதில்லை. பில்ட் சர்வரில் 'இன்ஸ்டால்' கட்டளைக்குப் பதில் 'சிஐ' கட்டளையைப் பயன்படுத்துங்கள். லாக் கோப்பில் எழுதியிருப்பதை மட்டுமே அது நிறுவும், பொருந்தாவிட்டால் நின்றுவிடும். நிறுவல் ஸ்கிரிப்டுகளை 'இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ்' விருப்பத்தால் முடக்கிவிட்டு, உண்மையில் தேவைப்படும் ஒன்றிரண்டுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். என்பிஎம்முக்கு மாற்றான பிஎன்பிஎம் 10 இந்த ஸ்கிரிப்டுகளை இயல்பாகவே முடக்கிவைக்கிறது, 10.16 முதல், வெளியாகி இவ்வளவு நிமிடங்கள் கடக்காத பதிப்பை நிறுவாதே என்று சொல்லவும் வசதி உண்டு. நான் ஏழு நாள் வைத்திருக்கிறேன்.

மறுமொழி 3

ஏழு நாள் காத்திருப்பதும் ஏழு ஆண்டு காத்திருப்பதும் ஒன்றல்ல. கேள்வி கேட்டவர் இருப்பது இரண்டாவதற்கு அருகில் என்பதால், "பழையதில் இருந்தவர்கள் தப்பினார்கள்" என்ற வரியை அவருடைய மேலாளர் படித்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.

பழைய சார்புகளின் (நம் திட்டம் நம்பியிருக்கும் பேக்கேஜ்களின்) ஆபத்து, அவற்றில் இன்று என்ன ஓட்டை இருக்கிறது என்பதில் மட்டும் இல்லை. நாளை ஓட்டை தெரியவரும்போது அதை அடைக்க முடியாத தொலைவில் நாம் இருக்கிறோம் என்பதில் இருக்கிறது. மேலே சொன்ன வெப்பேக்-டெவ்-சர்வரையே எடுத்துக்கொள்ளுங்கள்: திருத்தம் 5.2.1-இல் இருக்கிறது. 5.2.0-இல் இருந்தவருக்கு அது ஒரு வரி மாற்றம். 3-இல் இருப்பவருக்கு வெப்பேக், அதன் லோடர்கள், அமைப்புக் கோப்பு என்று எல்லாவற்றையும் புரட்டிப்போடும் வேலை. அதையும் பாதுகாப்புக் குழு கொடுத்த கெடுவுக்குள், அவசரத்தில், சோதனையில்லாமல் செய்ய வேண்டும். லோடர்-யூடில்ஸுக்கு 1-ஆம் வரிசைக்கும் திருத்தம் இறங்கியது பராமரிப்பாளர்களின் பெருந்தன்மை. அதை உரிமையாக எண்ணிக்கொள்ள முடியாது.

அந்த லெகசி புரொவைடர் விஷயத்துக்கும் வருகிறேன். வெப்பேக் 4 தன் உள் அடையாளங்களுக்கு எம்டி4 என்ற பழைய ஹாஷ் முறையை (உள்ளடக்கத்திலிருந்து ஒரு குறுகிய அடையாளத்தைக் கணிக்கும் முறையை) பயன்படுத்தியது. நோட் 17-இலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எல் 3 வந்ததும் எம்டி4 இயல்பாகக் கிடைக்காமல் போனது. வெப்பேக் அதைப் பாதுகாப்புக்காகப் பயன்படுத்தவில்லை, கோப்புகளுக்குப் பெயர் வைக்கத்தான் பயன்படுத்தியது என்பதால், எம்டி4 வலுவற்றது என்பதே இங்கே பெரிய குற்றம் ஆகாது. ஆனால் அந்த விருப்பம் வெப்பேக்குக்கு மட்டும் திறப்பதில்லை. அந்த நோட் செயலாக்கம் முழுவதற்கும் பழைய முறைகளைத் திறந்துவிடுகிறது. அதைவிட மோசமான வழியைத் தேர்ந்தெடுத்தவர்களும் உண்டு: பிழை வந்ததால் நோட் 16-க்கே திரும்பிப் போனவர்கள். அதன் ஆதரவுக் காலம் 2023 செப்டம்பர் 11 அன்றே முடிந்துவிட்டது.

இன்னொன்று: ஆடிட்டில் 'டெவ்' சார்புகளை விலக்கிப் பார்க்கும் விருப்பத்தை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். கிரியேட் ரியாக்ட் ஆப் தன் பில்ட் கருவியைச் சாதாரண சார்புகளின் பட்டியலில்தான் வைக்கிறது. அந்த ஒரு வரியை 'டெவ்' சார்புகளின் பட்டியலுக்கு மாற்றினால், அந்த விருப்பத்தோடு ஓட்டும் ஆடிட்டில் 97 குறைகள் ஒரு நொடியில் மறையும். பில்டில் ஒரு பைட்டும் மாறியிருக்காது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்றும் இன்றும் உட்கார்ந்து, முதல் மறுமொழியின் இரண்டு கேள்விகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். ஆடிட் அறிக்கையைப் பேக்கேஜ் வாரியாகத் திரட்டியதும் 97 என்பது 31 ஆகச் சுருங்கியது. ஒரே குறை பல கிளைகளின் வழியே பல முறை எண்ணப்பட்டிருந்தது. 'என்பிஎம் எக்ஸ்பிளெய்ன்' கட்டளை, எந்தப் பேக்கேஜ் யாரால் உள்ளே இழுக்கப்பட்டது என்பதைப் படிப்படியாகக் காட்டியது மிகவும் உதவியது. அந்த 31-இல் 24, நாங்களே எழுதும் கோப்புகளை மட்டும் உள்ளீடாக எடுப்பவை. மீதியில் டெவ் சர்வரும் அதைச் சார்ந்தவையும்தான் முக்கியமானவை. ஆறு கிரிட்டிக்கல்களில் ஒன்றுகூட அந்த மீதிக்குள் வரவில்லை.

ஆனால் ஆடிட் சொல்லாத இரண்டு விஷயங்களைத்தான் எனக்கு எழுதத் தோன்றுகிறது. லாக் கோப்பை வரிவரியாகப் பார்த்தபோது, ஒரு எஸ்விஜி லோடர் மட்டும் என்பிஎம் பதிவகத்திலிருந்து வராமல், யாரோ ஒரு தனிநபரின் கிட் கிளையிலிருந்து வருவது தெரிந்தது. மற்ற எல்லா உள்ளீடுகளுக்கும் அடியில் 'இன்டெக்ரிட்டி' என்ற ஹாஷ் வரி இருக்கிறது, இதற்கு இல்லை. எப்போதோ ஒரு சிறு பிழையைத் தற்காலிகமாகச் சரிசெய்ய அப்படி மாற்றியிருக்கிறார்கள் போலும். லாக் கோப்பில் ஒரு கமிட் எண் பதிந்திருப்பதால் இதுவரை அது அசையவில்லை. யாராவது லாக் கோப்பை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கியிருந்தால், அந்த நபர் அன்று அந்தக் கிளையில் என்ன வைத்திருந்தாரோ அது எங்கள் பில்டுக்குள் வந்திருக்கும். ஒரு தனிநபரின் கிளைக்கு யாரும் சிவிஇ எழுதப்போவதில்லை.

இரண்டாவது, எங்கள் பில்ட் சர்வரின் அமைப்பு. வெளியீட்டுக்கான சாவி, சேமிப்பகத்தில் எழுதும் உரிமையோடு, வேலையின் தொடக்கத்திலேயே சூழல் மாறியாக (அங்கே ஓடும் எந்த நிரலும் படிக்கக்கூடிய மதிப்பாக) ஏற்றப்படுகிறது. பேக்கேஜ்களை நிறுவும் படி அதற்குப் பிறகுதான் வருகிறது. அதாவது ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேக்கேஜ்களில் ஏதேனும் ஒன்றின் நிறுவல் ஸ்கிரிப்ட் நினைத்திருந்தால், அந்தச் சாவியைப் படித்திருக்கலாம். இன்று மதியம் அதை இரண்டு வேலைகளாகப் பிரித்தேன்: முதல் வேலை சாவி எதுவும் இல்லாமல் நிறுவி, பில்ட் செய்து, கோப்புறையை ஒப்படைக்கும், இரண்டாவது வேலை எதையும் நிறுவாமல், சாவியோடு அந்தக் கோப்புறையை மட்டும் ஏற்றும். பழைய சாவியை ரத்து செய்துவிட்டேன். 97 குறைகளில் எதுவும் இதனால் குறையவில்லை. இருந்தாலும் இந்த வாரம் செய்த வேலைகளில் பயனுள்ளது இதுதான் என்று தோன்றுகிறது.

இனி கருவியை மாற்றுவதா, ரியாக்ட்-ஸ்கிரிப்ட்ஸ் 5-க்குப் போவதா என்பது ஒரு கேள்வி. வாடிக்கையாளருக்கு எப்படிப் பதில் எழுதுவது என்பது மற்றொன்று.

மறுமொழி 1

கிட் கிளையைக் கண்டுபிடித்ததற்குப் பாராட்டு. பலர் லாக் கோப்பைத் திறப்பதே இல்லை. அந்தப் பிழைத் திருத்தம் இதற்குள் மூலப் பேக்கேஜிலேயே சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம், முதலில் அதைப் பாருங்கள். சேரவில்லை என்றால், அந்த மாற்றத்தை உங்கள் களஞ்சியத்துக்குள்ளேயே ஒரு ஒட்டுக் கோப்பாக (பேட்ச்) வைத்துக்கொள்ளுங்கள்.

ரியாக்ட்-ஸ்கிரிப்ட்ஸ் 5-இல் நேரம் செலவிட வேண்டாம். அதன் கடைசிப் பதிப்பு 2022-இல் வந்தது, 2025 பிப்ரவரியில் கிரியேட் ரியாக்ட் ஆப் கைவிடப்பட்டதாக ரியாக்ட் குழுவே அறிவித்துவிட்டது. என்டிஎச்-செக் சங்கிலி அதிலும் அப்படியே இருக்கிறது. இடைக்காலத்துக்கு, திருத்தம் உள்ள பதிப்புகளை பேக்கேஜ்.ஜேசனின் 'ஓவர்ரைட்ஸ்' பகுதியில் எழுதி வையுங்கள், ஆனால் முதன்மை எண் (பதிப்பின் முதல் எண்) மாறாதவற்றை மட்டும். முதன்மை எண் மாறும் பதிப்பை மேலிருந்து திணித்தால், உள்ளே இருக்கும் நிரல் எதிர்பார்க்கும் செயல்கூறு இல்லாமல் போய், பில்ட் வெற்றி பெற்றது போலக் காட்டிவிட்டு வெளியீடு தவறாக இருக்கும். எனக்கு ஒருமுறை ஐகான்கள் மட்டும் காணாமல் போயின. மூன்று நாள் கழித்தே தெரிந்தது. அதற்குள் வீட் கருவிக்கோ வெப்பேக் 5-க்கோ மாறும் வேலையைத் தனிக் கிளையில் தொடங்கிவிடலாம். டெவ் சர்வரை மாற்றும் வரை, அதை ஓடவிட்டபடி அதே பிரவுசரில் வேறு தளங்களைத் திறக்க வேண்டாம் என்று குழுவில் சொல்லிவையுங்கள். டெவ் சர்வருக்கென்று தனிப் பிரவுசர் ஒன்றை வைத்துக்கொள்வது எளிது.

வாடிக்கையாளருக்கு 97 விளக்கம் எழுதாதீர்கள். 31 வரிகளில் ஒரு அட்டவணை போதும்: பேக்கேஜ், எங்கே ஓடுகிறது, உள்ளீடு யாருடையது, என்ன செய்கிறோம், மறுபடி எப்போது பார்ப்போம். "பாதிப்பில்லை" என்று எழுதும் ஒவ்வொரு வரியிலும் மூன்றாவது கட்டம் நிரம்பியிருக்க வேண்டும். அது காலியாக இருந்தால் அந்த வரியை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று பொருள்.

மறுமொழி 2

அந்த அட்டவணையில் பில்ட் சர்வரைப் பிரித்ததையும் சாவியை மாற்றியதையும் மேலே எழுதுங்கள். பழைய சாவியைக் கொண்டு கடந்த காலத்தில் யாராவது எதையாவது ஏற்றியிருக்கிறார்களா என்று சேமிப்பகத்தின் பதிவேட்டைப் பார்த்தீர்களா?

கேள்வி கேட்டவர்

இல்லை. பதிவேடு 90 நாள் மட்டுமே வைக்கப்படுகிறது என்று இப்போதுதான் பார்த்தேன். அதை இறக்கிக்கொண்டிருக்கிறேன்.